அரங்கேறாத கதைசொல்லி: புல்ககோவின் ‘நாடக நாவல்’ காட்டும் நாடகமாக்கமும் அங்கதமும்

ஆய்வுச் சுருக்கம்

அங்கத நாவலொன்று மேடைக்கு வரும்போது கதையும் பாத்திரங்களும் உரையாடலும் இடம்பெயர்கின்றன. கதைசொல்லியின் குரல் பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது. ரஷ்ய எழுத்தாளர் மிகயில் புல்ககோவ் இவ்விழப்பை இரு நிலைகளில் எதிர்கொண்டார். கோகலின் ‘இறந்த ஆன்மாக்கள்’ நூலை மாஸ்கோ கலை அரங்கத்திற்காக நாடகமாக்கிய 1930-32 காலப்பகுதியில் அதை நேரில் கண்டார். 1936இல் தொடங்கி முடிக்காமல் விட்ட ‘நாடக நாவல்’ என்னும் படைப்பில் அதையே பொருளாக்கினார். மேடையிலிருந்து நீக்கப்பட்ட கதைசொல்லி, பின்னைய படைப்பில் இறந்தவனின் குரலாகத் திரும்புகிறான் என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பியம் கூறும் செம்பொருள், பழிகரப்பு என்னும் அங்கதப் பாகுபாடு இதற்கான ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அங்கதம், நாடகமாக்கம், கதைசொல்லி, பழிகரப்பு, புல்ககோவ், கோகல், மாஸ்கோ கலை அரங்கம்

முன்னுரை

நாவலை நாடகமாக்குதல் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களை எழுப்புகின்றன. மூலத்திலிருந்து எவை விடுபட்டன என்பது ஒன்று. புதிதாக எவை சேர்ந்தன என்பது மற்றொன்று. அங்கத நாவலைப் பொறுத்தவரை இவ்விரண்டும் போதுமானவை அல்ல. நிகழ்ச்சி எதையும் விடாமல், உரையாடலில் ஒரு சொல்லையும் மாற்றாமல் மேடையேற்றிய பின்னரும் அங்கதம் மறைந்துபோகக் கூடும். ஆகவே அங்கதம் நாவலில் எங்கே தங்கியிருக்கிறது என்னும் வினாவே முதலில் எழுப்பப்பட வேண்டும்.

இவ்வினாவை ஆராய்வதற்குப் புல்ககோவின் ‘நாடக நாவல்’ பொருத்தமான களமாகிறது. நாவலாசிரியன் ஒருவன் தன் நாவலை நாடகமாக்கி, ‘சுயேச்சை அரங்கம்’ என்னும் பெயருடைய நாடக நிறுவனத்திடம் ஒப்படைத்து அல்லலுறும் கதை அது. அங்கத நாவலின் பொருளாகவே நாடகமாக்கம் அமைந்திருப்பது அதன் தனித்தன்மை. ஆசிரியரே நாவல்களை மேடைக்கு மாற்றிய பட்டறிவு உடையவர் என்பது அதற்குக் கூடுதல் வலுவளிக்கிறது.

அங்கதத்தின் இருப்பிடம்

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் கரந்த பொருளது என்றும் இரண்டாகப் பகுக்கிறது. வெளிப்படையாகக் கூறும் வசை செம்பொருள். சொல்லை மறைத்துக் கூறும் வசை பழிகரப்பு. செய்யுளுக்குரிய இப்பாகுபாட்டை உரைநடைப் புனைவுக்கு விரித்துப் பார்க்க இடமுண்டு. பழிகரப்பு நிகழ வேண்டுமாயின் மறைப்பவன் ஒருவன் வேண்டும். புகழ்வது போன்ற தொனியில் பழிப்பவன், அறியாதவன் போல நின்று அறிவிப்பவன் என ஒரு குரல் இன்றியமையாதது. நாவலில் அக்குரலை ஏற்பவன் கதைசொல்லி.

கோகல் 1842இல் வெளியிட்ட ‘இறந்த ஆன்மாக்கள்’ இதற்குச் சிறந்த சான்று. பண்ணையடிமைகள் இறந்த பின்னரும் அடுத்த கணக்கெடுப்பு வரை வரிப்பதிவேட்டில் உயிரோடிருப்பவர்களாகவே கருதப்பட்டனர். அத்தகைய ‘ஆன்மாக்களை’ மலிவாக வாங்கி, அவற்றைச் சொத்தாகக் காட்டி ஆதாயம் அடைய முயல்கிறான் சிச்சிக்கோவ். கதைச்சுருக்கமாகப் பார்த்தால் இது ஒரு மோசடிக் கதை. அதனைப் பேரிலக்கியமாக்குவது கதைசொல்லியின் நடத்தையே. அவன் நில உடைமையாளர்களைப் பரிவோடு அறிமுகப்படுத்துகிறான். அற்பமான ஒன்றைக் காவிய உவமைகளால் விரிக்கிறான். திடீரெனக் கதையை நிறுத்தித் தன் இளமையையும் ரஷ்யாவின் நெடுஞ்சாலைகளையும் நினைந்து உருகுகிறான். இந்நூலைக் கோகல் நாவல் என்னாமல் காவியப் பெயரால் சுட்டியதும் இக்குரலின் பொருட்டே எனலாம்.

சிச்சிக்கோவின் அறிமுகம் ஒன்றே இச்சிக்கலை விளக்கப் போதுமானது. அவன் அழகனும் அல்லன், அழகற்றவனும் அல்லன். மிகப் பருத்தவனும் அல்லன், மிக மெலிந்தவனும் அல்லன் என எதிர்மறைகளாலேயே கதைசொல்லி அவனைப் புனைகிறான். எவ்வடையாளமும் அற்ற ஒருவன் எல்லா அவைகளிலும் நுழைந்துவிடுகிறான் என்பதே இங்குக் கரந்து நிற்கும் பழிப்பு. மேடையிலோ நடிகர் ஒருவர் உடலோடு வந்து நிற்கிறார். அவருக்கு முகமும் பருமனும் வயதும் உண்டு. எதிர்மறையால் ஆன மனிதனை உடன்பாடான உடல் ஒன்று பதிலீடு செய்கிறது. நடிகரின் திறமைக் குறைவால் நேர்வதன்று இது; நாவல், மேடை ஆகிய ஊடகங்களின் இயல்பு வேறுபாட்டால் நேர்வது.

மாஸ்கோ கலை அரங்கத்தில் ‘இறந்த ஆன்மாக்கள்’

1929ஆம் ஆண்டளவில் புல்ககோவின் நாடகங்கள் சோவியத் மேடைகளிலிருந்து அகற்றப்பட்டிருந்தன. 1930 மார்ச்சில் அவர் சோவியத் அரசுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 18 அன்று ஸ்டாலின் அவரோடு தொலைபேசியில் பேசினார். அதைத் தொடர்ந்து மாஸ்கோ கலை அரங்கத்தில் உதவி இயக்குநர் பணி அவருக்குக் கிடைத்தது. அங்கு அவருக்குத் தரப்பட்ட முதற்பணிகளுள் ஒன்று ‘இறந்த ஆன்மாக்கள்’ நாடகமாக்கம். விரும்பித் தேர்ந்த பணியாக அன்றி, பிழைப்புக்கான பணியாகவே அது அவரிடம் வந்தது.

அந்நூலை நாடகமாக்குவது இயலாத செயல் என்னும் கருத்தைப் புல்ககோவ் தம் நண்பர் பாவெல் போப்போவுக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படுத்தியுள்ளார். இயலாமைக்கு அவர் கண்ட மாற்று குறிப்பிடத்தக்கது. கோகல் இந்நூலின் பெரும்பகுதியை ரோம் நகரில் இருந்து எழுதியவர். தொலைவிலிருந்து தாய்நாட்டைக் காணும் அப்பார்வையையே மேடைக்குக் கொணர எண்ணிய புல்ககோவ், ரோமிலிருந்து பேசும் ‘முதலாமவர்’ என்னும் பாத்திரத்தை வகுத்தார். காட்சிகளுக்கிடையே தோன்றி நூலின் கதைசொல்லிக்குரிய பகுதிகளைப் பேசுபவர் அவர். அங்கதத்தின் இருப்பிடம் எது என்பதை நாடகாசிரியர் துல்லியமாக உணர்ந்திருந்தார் என்பதற்கு இப்பாத்திரமே சான்று.

ஒத்திகைகளின் போக்கில் இப்பாத்திரம் கைவிடப்பட்டது. சக்னோவ்ஸ்கி தொடங்கிய பணியில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பின்னர் நேரடியாக ஈடுபட்டார். ஓவியர் திமீத்ரியெவின் அரங்க வடிவமைப்பு விலக்கப்பட்டு சீமவின் வடிவமைப்பு ஏற்கப்பட்டது. நடிகரை மையப்படுத்தும் முறை மேலோங்கியது. சிச்சிக்கோவும் நில உடைமையாளர் ஒவ்வொருவரும் நேருக்கு நேர் சந்திக்கும் இருவர் காட்சிகள் நாடகத்தின் உயிர்நிலையாயின. 1932 நவம்பரில் நாடகம் அரங்கேறியது.

அதன் வெற்றியைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மஸ்க்வீன், லியனீதவ், தர்க்கானவ் முதலிய பெரும் நடிகர்கள் அதில் பங்கேற்றனர். சிச்சிக்கோவாக நடித்த தப்பர்க்கோவ் பின்னாளில் அவ்வொத்திகைகளை விரிவாகப் பதிவு செய்தார். நடிப்புக் கலை பயில்வோருக்கு அப்பதிவு இன்றும் பயன்படுகிறது. நாடகமும் நெடுங்காலம் அரங்கத்தின் நிகழ்ச்சி நிரலில் நீடித்தது. எனினும் கோகல் ஆய்வில் ஆழங்கால்பட்ட எழுத்தாளர் அந்திரேய் பேலி, 1933இன் தொடக்கத்தில், இந்நாடகம் கோகலைப் புரிந்துகொள்ளவில்லை எனக் கடுமையாகச் சாடினார்.

இவ்விரு மதிப்பீடுகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. நடிப்பின் வெற்றியே அங்கதத்தின் இழப்புக்கும் காரணமாயிற்று எனலாம். ஒவ்வொரு நில உடைமையாளரும் நம்பத்தக்க மனிதராக, உள்நோக்கமும் வாழ்க்கை வரலாறும் உடையவராக உருவாக்கப்பட்டபோது, நகைப்பு அம்மனிதரின் குணக்கேட்டின் மீது மட்டும் படிந்தது. கஞ்சன், முரடன், வீண்பேச்சாளன் எனத் தனிமனிதக் குறைகள் செம்பொருளாக வெளிப்பட்டன. இறந்தவர்களை விற்பதையும் வாங்குவதையும் இயல்பாகக் கருதும் ஒரு சமூக ஒழுங்கைப் பழித்த கரந்த குரல் அடங்கிப்போயிற்று.

‘நாடக நாவல்’: தோற்றமும் அமைப்பும்

புல்ககோவின் ‘மொலியேர்’ நாடகம் ஏறத்தாழ நான்காண்டுக் கால ஒத்திகைக்குப் பின் 1936 பிப்ரவரியில் அரங்கேறியது. ஏழு காட்சிகளுக்குப் பின், மார்ச் மாதம் ‘பிராவ்தா’ நாளிதழில் வெளியான கண்டனத்தைத் தொடர்ந்து, அது நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் புல்ககோவ் மாஸ்கோ கலை அரங்கத்திலிருந்து விலகிப் பல்ஷோய் அரங்கத்தில் இசைநாடக உரையாசிரியராகச் சேர்ந்தார். நவம்பரில் ‘நாடக நாவல்’ தொடங்கப்பட்டது. ‘இறந்தவனின் குறிப்புகள்’ என்பது அதன் மற்றொரு தலைப்பு. அடுத்த ஆண்டில் நின்றுபோன இப்படைப்பு, ஆசிரியர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 1965இல் ‘நோவி மீர்’ இதழில் வெளியாயிற்று.

சுயேச்சை அரங்கம் மாஸ்கோ கலை அரங்கத்தையும், இவான் வசீலியெவிச் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியையும், அரிஸ்தார்ஹ் பிளதோனவிச் நெமிரோவிச்-தான்ச்சென்கோவையும் நினைவூட்டுவன என்பது நன்கறியப்பட்ட செய்தி. கதைத்தலைவன் மக்சூதோவின் நாவலான ‘கறுப்புப் பனி’, புல்ககோவின் ‘வெண்காவலர்’ நாவலின் சாயல் உடையது. ‘வெண்காவலர்’ 1925இல் ஓர் இதழில் வெளிவந்துகொண்டிருந்தபோது அவ்விதழ் நின்றுபோனது. பின்னர் அந்நாவல் ‘துர்பின்களின் நாள்கள்’ என்னும் நாடகமாகி 1926 அக்டோபரில் அரங்கேறியது. நாவலில் மருத்துவராக இருந்த அலெக்சேய் துர்பின் நாடகத்தில் படைத்தலைவராக மாறினார். வேறு பாத்திரங்களின் செயல்களும் முடிவும் அவர்மேல் ஏற்றப்பட்டன. நாடகமாக்கம் ஒரு பாத்திரத்தின் தொழிலையும் சாவையும்கூட மாற்றவல்லது என்பதைப் புல்ககோவ் அப்போதே அறிந்திருந்தார்.

எனினும் இந்நூலை ஆள் அடையாளம் காணும் விளையாட்டாக மட்டும் படிப்பது, அதனைச் செம்பொருள் அங்கதமாகச் சுருக்குவதாகும். நூலின் முன்னுரையே அத்தகைய வாசிப்புக்குத் தடையிடுகிறது. மக்சூதோவ் கீவ் நகரின் சங்கிலிப் பாலத்திலிருந்து குதித்து உயிர் துறந்தான் என்றும், அவன் அனுப்பிய குறிப்புகளையே தாம் வெளியிடுவதாகவும் ஒரு பதிப்பாசிரியர் கூறுகிறார். மாஸ்கோவில் விசாரித்ததில் அத்தகைய அரங்கமும் மனிதர்களும் இல்லை என்றும், மக்சூதோவுக்கு நாடகத்தோடு எத்தொடர்பும் இருந்ததில்லை என்றும், எல்லாம் நோயுற்ற கற்பனையின் விளைவு என்றும் அவர் உறுதியளிக்கிறார். மறுப்பே ஒப்புதலாக ஒலிக்கும் இவ்வுத்தி பழிகரப்பின் தெளிந்த வடிவம்.

பெட்டியும் ஒப்பந்தமும்

நாவலிலிருந்து நாடகம் பிறக்கும் தருணத்தைப் புல்ககோவ் ஓர் அரிய காட்சியாக்கியுள்ளார். மக்சூதோவ் தன் நூலின் பக்கத்தை நோக்கும்போது, அது தட்டையான தாளாக இல்லாமல் ஒளியூட்டப்பட்ட பெட்டியாகத் தோன்றுகிறது. அதனுள் சிறு உருவங்கள் நடமாடுகின்றன, பியானோ ஒலிக்கிறது. காண்பதை எழுதினால் போதும், காணாததை எழுத வேண்டியதில்லை என அவன் முடிவு செய்கிறான். நாடகம் உருவாகிறது.

மேலோட்டமாக நோக்கின் இது நாடகமாக்கத்துக்கான எளிய விளக்கம்: நாவலுக்குள் காட்சிகள் ஏற்கெனவே உள்ளன, விவரிப்பை நீக்கினால் நாடகம் எஞ்சும். ஆனால் இப்பகுதியின் உணர்ச்சி வேறிடத்தில் உள்ளது. இரவில் தனியறையில் பெட்டியின்மேல் குனிந்திருக்கும் ஒருவனது வியப்பும் ஏக்கமும் வாசகரை ஈர்க்கின்றன. பெட்டிக்குள் உள்ளவை மேடைக்குப் போகலாம். பெட்டியை நோக்கும் கண் மேடைக்குப் போவதில்லை. நாடகமாக்கத்தில் கதைசொல்லியை முதலில் வெளியேற்றுபவன் நாடகாசிரியனே என்பதை, கதைசொல்லியின் வாய்மொழியாகவே உணர்த்தும் நுட்பம் இங்குள்ளது.

அடுத்து நிகழ்வது சட்டப்படியான வெளியேற்றம். அரங்கத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் பிரிவுகள் பலவும் ஆசிரியருக்கு உரிமையில்லை என்றே தொடங்குகின்றன. அதற்கு மாறான சொற்றொடரும் உரிமை தருவதன்று. மாற்றங்களையும் வெட்டுகளையும் தாமதமின்றிச் செய்துதர ஆசிரியர் கடமைப்பட்டவர் என்பதே அது. எவ்வித விமர்சனமும் இன்றி ஒப்பந்த மொழியை அப்படியே எடுத்துரைப்பதன் மூலம் கதைசொல்லி பழிப்பைக் கரந்து வைக்கிறான். இப்பகுதியை மேடையில் உரையாடலாக மாற்றினால், ஏமாற்றும் மேலாளர், ஏமாறும் எழுத்தாளன் என்னும் பழகிய நகைச்சுவைக் காட்சியே மிஞ்சும்.

சுயேச்சை என்னும் பெயர்

இவான் வசீலியெவிச்சின் முன்னிலையில் நிகழும் நாடக வாசிப்பு, நூலின் உச்சப் பகுதிகளுள் ஒன்று. துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் பாத்திரம் குறுவாளால் குத்திக்கொள்ளலாமே என்கிறார் அவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் குறுவாள் வழக்கில் இல்லை என்னும் மறுமொழி ஏற்கப்படுவதில்லை. கதைத்தலைவனின் தங்கையைத் தாயாக மாற்றுமாறும் கேட்கப்படுகிறது. அதற்கான காரணத்தை நண்பனான நடிகன் பம்பார்தவ் பின்னர் விளக்குகிறான்: அரங்கத்தின் மூத்த நடிகர்கள் ஐம்பது வயதைக் கடந்தவர்கள், இளைஞர்களின் கதையில் அவர்களுக்கு இடமில்லை. கலைக் காரணமாகத் தோன்றியது நிறுவனக் காரணமாக வெளிப்படுகிறது.

இங்கு ‘சுயேச்சை’ என்னும் அடைமொழியின் பொருள் தெளிவாகிறது. அரங்கத்தின் கூடத்தில் மொலியேர், ஷேக்ஸ்பியர் ஆகியோரின் உருவப்படங்களோடு உரோமப் பேரரசன் நீரோவின் படமும், மேடைப் பணியாளர்களின் படங்களும் மாட்டப்பட்டுள்ளன. கவிஞனும் கொடுங்கோலனும் சுழல்மேடைப் பொறுப்பாளனும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அரங்கத்தின் இரு தலைவர்களுள் ஒருவரான அரிஸ்தார்ஹ் பிளதோனவிச் இந்தியாவில் இருக்கிறார். கங்கையில் ஏதோ குறைவதாகக் கடிதம் எழுதுகிறார். நெமிரோவிச்-தான்ச்சென்கோ 1920களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தங்கியிருந்ததை நினைவூட்டும் பகுதி இது. கங்கைக்கே திருத்தம் சொல்லும் இயக்குநர், நாடகப் பிரதிக்குத் திருத்தம் சொல்லத் தயங்குவாரா என்னும் கேள்வி சொல்லப்படாமலே எழுகிறது. இவ்வரங்கம் பெற்றுள்ள சுயேச்சை அதிகாரத்திடமிருந்து பெற்றதன்று; தான் நிகழ்த்தும் பிரதியிடமிருந்து பெற்றது.

இதனைப் பழிவாங்கும் எழுத்து எனக் கொள்வது பொருந்தாது. மக்சூதோவ் அரங்கத்தை வெறுப்பவன் அல்லன். அதன் பொன்னிறக் குதிரை நிற்கும் மேடையைக் கண்ட நாள்முதல் அதனை விட்டு நீங்க இயலாதவன். காதலை வெளிப்படுத்தக் காதலியைச் சுற்றி மிதிவண்டி ஓட்டுமாறு நடிகரைப் பணிக்கும் ஒத்திகையை விவரிக்கும்போதும், இவான் வசீலியெவிச்சின் நடிப்பாற்றலை அவன் வியந்து போற்றுகிறான். அவனது ஐயம் அக்கொள்கை தன் நாடகத்துக்குப் பொருந்துமா என்பதைப் பற்றியது. புல்ககோவும் அரங்கத்துக்கு அயலவர் அல்லர். டிக்கன்ஸின் ‘பிக்விக்’ நாவலை மாஸ்கோ கலை அரங்கம் 1934இல் நாடகமாக நிகழ்த்தியபோது, நீதிபதி வேடமேற்று மேடையேறியவர் அவர். அரங்கத்தின்மீது கொண்ட அன்பே அவரது அங்கதத்தை வசையாகாமல் காக்கிறது.

‘நாடக நாவல்’ மேடையேறும்போது

நாடகமாக்கத்தை எள்ளும் நாவலும் நாடகமாக்கத்திலிருந்து தப்பவில்லை. கீத் டியூஹர்ஸ்ட் ஆங்கிலத்தில் ஆக்கிய நாடக வடிவம் ‘கறுப்புப் பனி’ என்னும் பெயரில் 1991இல் லண்டன் தேசிய அரங்கத்தில் வில்லியம் கேஸ்கில் இயக்கத்தில் நிகழ்த்தப்பட்டது. மாஸ்கோவின் தகான்கா அரங்கத்தில் யூரி லியுபீமவ் இந்நூலை மேடையேற்றினார்.

லியுபீமவின் பெயர் இங்கு வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. 1964இல் பிரெக்டின் நாடகத்தோடு தகான்காவில் தம் பணியைத் தொடங்கிய அவர், 1977இல் புல்ககோவின் ‘மாஸ்டரும் மார்கரீத்தாவும்’ நாவலை மேடையேற்றினார். புதிய அரங்கப் பொருள்களுக்கு நிதி கிடைக்காத நிலையில், முந்தைய நாடகங்களின் பொருள்களைக் கொண்டே அது உருவாக்கப்பட்டது. ‘ஹாம்லெட்’ நாடகத்தின் திரையும் ஊசலாடும் பெரிய ஊசலும் அதன் மையமாயின. இறுதியில் புல்ககோவின் உருவப்படங்கள் மேடையில் காட்டப்பட்டன. 1932இல் ‘முதலாமவர்’ நீக்கப்பட்டதோடு ஒப்பிட்டு நோக்கினால் அவ்விறுதிக் காட்சியின் பொருள் விளங்கும். மேடையில் பேச இடம்பெறாத ஆசிரியன் உருவமாகவேனும் திரும்புகிறான்.

‘நாடக நாவலை’ மேடையேற்ற முனைவோர் எதிர்கொள்ளும் சிக்கல் இதனினும் கூர்மையானது. மக்சூதோவ் நிகழ்ச்சிகளுக்குள் செயலற்ற மனிதன். பெரும்பாலும் பேசாமல் நிற்பவன், பணிபவன், வியர்ப்பவன். எடுத்துரைக்கும்போதோ கூரிய நோக்கும் நகையுணர்வும் உடையவன். ஒரே நடிகர் இவ்விரு நிலைகளையும் ஏற்க வேண்டும். காட்சியில் உள்ள மக்சூதோவை மட்டும் தேர்ந்தால், விசித்திரமான நடிகர்களின் அணிவகுப்பாக நாடகம் முடியும். எடுத்துரைப்பவனையும் மேடைக்குக் கொணர்ந்தால், அவன் இறந்துவிட்டவன் என்னும் முன்னுரைச் செய்தி ஒவ்வொரு நகைப்பின் பின்னும் நிழலாக நிற்கும். பதிப்பாசிரியரின் முன்னுரையைத் தக்கவைப்பதா விடுவதா என்பதே ஆகவே முதன்மையான முடிவு. மேடைக்கு மிக எளிதில் தேவையற்றதாகத் தோன்றும் அப்பக்கங்களே அங்கதத்தின் அச்சாணி.

முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, அங்கத நாவலின் உயிர்நிலை நிகழ்ச்சியிலோ உரையாடலிலோ அன்றிக் கதைசொல்லியின் மறைத்துக்கூறும் குரலில் உள்ளது. அக்குரல் நீங்கும்போது பழிகரப்பு செம்பொருளாகவும், சமூக விமர்சனம் குணச்சித்திர நகைச்சுவையாகவும் மாறுகின்றன. இரண்டாவது, ‘இறந்த ஆன்மாக்கள்’ நாடகத்திலிருந்து நீக்கப்பட்ட ‘முதலாமவர்’, நான்காண்டுகளுக்குப் பின் மக்சூதோவாக மறுபிறவி எடுக்கிறார். ரோமின் தொலைவிலிருந்து பேசியவருக்குப் பதிலாகச் சாவின் தொலைவிலிருந்து ஒருவன் பேசுகிறான். இறந்தவனை எந்த ஒத்திகையும் திருத்த இயலாது. மூன்றாவது, மேடையின் சுயேச்சை பிரதியை மீறும் உரிமையால் மட்டும் அளக்கப்படுவதன்று. பிரதியின் சங்கடமான குரலுக்கு இடமளிக்கும் துணிவாலும் அளக்கப்படுவது.

மேடையில் எடுத்துரைப்பவனுக்கு இடமில்லை என்பது நாடகக் கலையின் பொதுவிதி அன்று. குறிப்பிட்ட ஒரு நடப்பியல் அரங்க மரபின் விதி மட்டுமே அது. கட்டியங்காரனைக் கூத்தின் நடுவே நிறுத்திப் பழகிய தமிழ் ஆய்வுலகுக்கு இவ்வேறுபாடு விளங்குதற்கு அரியதன்று. ‘நாடக நாவல்’ ஒத்திகைக் கட்டத்திலேயே முறிந்து நிற்கிறது. ‘கறுப்புப் பனி’ அதற்குள் அரங்கேறுவதே இல்லை. அந்நாவலின் கதைசொல்லிக்கு உரிய இடத்தை எந்த மேடை வழங்கும் என்னும் வினா, அதனை நாடகமாக்க முன்வரும் ஒவ்வோர் அரங்கத்தின் முன்னும் விடைகோரி நிற்கிறது.